ஜீப்பில் போனவர் பிழைத்துவிட்டாரா?

முதலில் "சப்-இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு" என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு "என் மகனுக்கு" என்று எழுதினேன். அதையும் அடித்தேன். இன்றைக்கு உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் "அம்மா, டூட்டில இருக்கேன், அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். முப்பத்து நான்கு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் நான். கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி பேசித்தான் பழக்கம். அதனால் இந்தக் கவரை ஒட்டாமல் அனுப்புகிறேன். உன் மனைவி படிக்கட்டும். உன் ஸ்டேஷனில் யார் கையிலாவது கிடைத்து அவர்களும் படித்தால் இன்னும் நல்லது. காக்கி போட்ட பிள்ளையைப் பெற்றவர்கள் யார் படித்தாலும் எனக்குச் சம்மதம்.

நான் கோபமாக இருக்கிறேன். என் கோபத்தை நீ அதிகம் பார்த்ததில்லை. வகுப்பில் பிரம்பு எடுக்காத டீச்சர் என்று எனக்குப் பெயர். ஒரு கணக்கு புரியவில்லை என்றால் மாங்காயை வைத்துச் சொல்வேன், அதுவும் புரியவில்லை என்றால் பஸ் டிக்கெட்டை வைத்துச் சொல்வேன், அலுக்கவே அலுக்காது. உனக்கும் அப்படியே சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் இந்த முறை உனக்குப் புரியவில்லை என்றால் இன்னொரு உதாரணம் தேட மாட்டேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்று நடந்ததை நீ ஒரு மாதிரி சொல்கிறாய். உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான், பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். போன மாதம் அந்த முகூர்த்த நாள் காலை. கண் டாக்டரிடம் எனக்கு எட்டு மணிக்கு டோக்கன். வலது கண்ணில் புரை எடுத்த பிறகு மூன்றாவது முறையாகக் காட்டப் போகிறேன், அவ்வளவுதான். ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்றேன். "நான் அந்தப் பக்கம்தாம்மா போறேன், ஏறு" என்றாய். டிரைவர் லீவு, நீயே ஓட்டினாய். கல்யாண மண்டபத்துக்கு முன்னால் வேன்களும் பஸ்களும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாத குறையாக நின்றன. நீ கடிகாரத்தைப் பார்த்தாய். "எட்டு தாண்டினா டோக்கன் போய்டும். அப்பறம் பதினொரு மணி வரைக்கும் உக்காந்துக்கினு இருக்கணும் நீ" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாய். 'நுழையக் கூடாது' என்று பலகை வைத்த ஒருவழித் தெருவில் எதிர்ப்பக்கமாக உள்ளே விட்டாய். எதிரே மொபெட்டில் வந்தவர் சுவரோரம் ஒதுங்கிக் காலை ஊன்றிக்கொண்டார். அவர் வந்தது சரியான பக்கம். இருந்தாலும் அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அந்தத் தெரு முடிகிற இடத்தில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெரு ஆரம்பிக்கிறது. அங்கே திரும்பும்போது சைரனைப் போட்டாய்.

அந்த நேரத்தில் அங்கே பாவு நீட்டியிருப்பார்கள் என்பது இந்த ஊரில் பிறந்த உனக்குத் தெரியாததல்ல. மூன்று புடவைக்கான பட்டு இழைகள், ஆயிரக்கணக்கில், தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, மரக்கால்களில் தாங்க வைத்து, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுற்றி எடுக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத் தெரு அவர்களுடையது. பால்காரர் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். பைக்காரர்கள் முனையிலேயே பார்த்துவிட்டு அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொள்வார்கள். யார் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் பாவை எடுக்க மாட்டார்கள். அன்று எடுத்தார்கள். உன் சைரன் கேட்டதும் அந்தக் கோடியில் ஒருவர் கயிற்றையே அறுத்தார். நான்கு பேர் ஈரப் பாவை அப்படியே வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டி நின்றார்கள். மரக்கால்கள் சாய்ந்து கிடந்தன. ஒன்றின் மேல் நம் சக்கரம் ஏறி அது முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும். அந்த நான்கு பேரில் ஒரு பெண், இரண்டு கையிலும் பட்டு இருந்ததால் கும்பிட முடியாமல், நம் ஜீப் கடக்கும்போது தலையை மட்டும் தாழ்த்தினாள்.

நான் அவளைப் பார்த்துக் கையசைத்தேன்.

அவள் செல்வி, என்னிடம் படித்த சண்முகத்தின் மனைவி. டீச்சருக்கு வணக்கம் வைக்கிறாள் என்று நினைத்தேன். கோயிலில், கடைத்தெருவில் எத்தனையோ பேர் வைக்கிற வணக்கம்தானே என்று நினைத்தேன். கண்ணில் அப்போதுதான் புரை எடுத்திருந்தது என்று சாக்குச் சொல்லலாம். சொல்ல மாட்டேன், எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பிள்ளை ஓட்டுகிறான், முன் சீட்டில் நான், தெருவே ஒதுங்கி நிற்கிறது. எனக்குப் பெருமையாக இருந்தது. டாக்டரிடம் என் டோக்கன் ஐந்து. நாம் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது ஆள்தான் உள்ளே இருந்தார்.

பத்து நாள் கழித்து சண்முகம் வீட்டுக்கு வந்தான். ஏழாம் வகுப்பில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், நினைவிருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றான். "என்னா சண்முகம், காலங்காத்தால?" என்றேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர். ஒரு விஷயம் கேட்டுட்டுப் போலாம்னு. செல்விதான் நச்சரிச்சிக்கினே இருக்குது, போய்க் கேளு, போய்க் கேளுன்னு."

"கேளுப்பா."

"அன்னிக்கி நம்ம எஸ்.ஐ. சாரு சைரன் போட்டுக்கினு எங்க தெருவுல போனாரு. உள்ள யாரையோ ஏத்திக்கினு போனாரே, அவங்க பொழச்சிட்டாங்களா டீச்சர்?"

எனக்கு உடனே விளங்கவில்லை. அவனே தொடர்ந்தான். "வெயிலு கண்ணாடில அடிச்சதுல மொகம் தெரியல. ஒரு கைய மட்டும் தூக்கி ஆட்டனாங்களாம், செல்வி பாத்துச்சாம். தண்ணி கேக்கறாங்களோ, உசுரு போவுதோன்னு அதுக்கு ஒரே பதப்பு. அன்னிக்கிப் பூரா சோறு எறங்கல. சாயங்காலம் கோயில்ல போய் வௌக்கு ஏத்திட்டு வந்துச்சி. நீங்கதான் அவுரோட அம்மா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு..."

அது என் கை. செல்வி தலை தாழ்த்தியது எனக்காக அல்ல, செத்துக்கொண்டிருக்கிற யாரோ ஒருவருக்காக. முப்பத்து நான்கு வருடத்தில் பிள்ளைகள் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் பொய்யான பதில் சொன்னதில்லை. தெரியாவிட்டால் தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்பேன். அன்று என் மாணவனின் முகத்தைப் பார்த்து, "பொழச்சிட்டாங்கப்பா" என்றேன். "அப்பாடா" என்று சிரித்தான். "அப்போ பாவு போனா போவுது டீச்சர்."

பாவு என்ன ஆயிற்று என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன். ஈரக் கஞ்சியோடு சுருண்டதில் இழை மேல் இழை ஒட்டிக்கொண்டதாம். பிரிக்கப் பிரிக்க அறுந்ததாம். வீட்டுப் பெண்கள் மூன்று பேர் எட்டு நாள் குனிந்த தலை நிமிராமல் எடுத்துப் பார்த்தும் மூன்று புடவையில் ஒன்றுக்குத்தான் தேறும் என்றான். "ஹாரனுக்கு எடுக்க மாட்டீங்களே, அன்னிக்கி மட்டும் ஏம்பா எடுத்தீங்க?" என்றேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "சைரனாச்சே டீச்சர். ஐயாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆம்புலன்ஸ் எங்க தெரு வழியா வந்துச்சே, ஞாபகம் இருக்குதா? அன்னிக்கி நாங்க முடிச்சப் பிரிச்சி, பாவச் சுத்தி எடுக்கறதுக்குள்ள அது அஞ்சு நிமிஷம் நின்னுக்கினு இருந்துச்சி. நல்ல வேள, ஐயா பொழச்சாரு. அப்பறம் தெருவுல கூடிப் பேசி வெச்சிக்கினோம். ஹாரனுக்கு எடுக்கறதில்ல. சைரன்னா, முடிச்சப் பிரிக்கறதில்ல, அறுத்துடறது."

உன் அப்பா அதற்குப் பிறகு நான்கு வருடம் நம்மோடு இருந்தார். அந்த ஆம்புலன்சுக்குள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். யாருடைய பாவை எடுத்தார்கள், அது என்ன ஆயிற்று என்று ஒரு நாள்கூடப் போய்க் கேட்கவில்லை. உன் அப்பாவை முன்னிட்டு ஒரு தெரு தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி அது. எழுதி வைத்ததல்ல, யாரும் காவல் நிற்பதில்லை, மீறினால் அபராதமும் இல்லை. இருந்தும் அதை அவர்கள் மீறவில்லை. எல்லாம் அச்சடித்த விதியாகக் கையில் வைத்திருக்கிற நீ மீறினாய். ஒரு கண் டாக்டரின் டோக்கனுக்காக.

அன்று சாயங்காலமே உன்னிடம் இதைச் சொன்னேன். நீ சிரித்தாய். என் கோபம் அந்தச் சிரிப்பில்தான் ஆரம்பித்தது. "எல்லா போலீசும் அப்படித்தாம்மா போறாங்க, இத ஒரு மேட்டர்னு" என்றாய். அப்புறம், "ரோட்ல பாவு போடறதே தப்பு. கேஸ் போடாம விட்டதுக்கு அவன் எனக்கு தேங்க்ஸ் சொல்லணும்" என்றாய். கடைசியாகக் குரலைத் தணித்துக்கொண்டு, "பொழச்சிட்டாங்கன்னு சொல்லிட்டல்ல? அப்படியே விட்டுடும்மா. அடுத்த மாசம் ப்ரமோஷன் லிஸ்ட் வருது, இந்த நேரத்துல எதையும் கிளறாத" என்றாய். மூன்று சாக்கு. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள் என்பது, விடைத்தாளில் பக்கத்துப் பையனின் தப்பையே எழுதி வைத்துவிட்டு, அவனும் அதைத்தானே எழுதியிருக்கிறான் என்று என்னிடம் வந்து நிற்கிற மாதிரி. அதற்கு நான் ஒருநாளும் மதிப்பெண் போட்டதில்லை. நீ பஸ் ஸ்டாண்டு முனையில் வண்டிகளைப் பிடித்துக்கொண்டிருந்ததை ஒருநாள் காய்கறிப் பையோடு நின்று பார்த்தேன், உனக்குத் தெரியாது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போன ஒருவர் ஒருவழியில் எதிரே வந்துவிட்டார். "சார், ஸ்கூல் டைம் ஆயிடுச்சி சார், அவசரம் சார்" என்று கெஞ்சினார். நீ என்ன சொன்னாய்? "எல்லாருக்கும் அவசரம்தான்யா. அவசரம் இல்லாதவன் வூட்ல இருப்பான். அதுக்குத்தான்யா ரூலு!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் பிள்ளை எவ்வளவு தெளிவாகச் சொல்கிறான் என்று எனக்கு மகிழ்ச்சி. அந்த வாக்கியத்தில் போலீஸ்காரருக்கு மட்டும் விலக்கு என்று நீ சொன்னதாக எனக்கு நினைவில்லை. அந்த மனிதருக்கு ரசீது கிழித்துக் கொடுத்த அதே கை இந்தத் தெருவில் ஸ்டியரிங்கைத் திருப்பியது.

தெருவில் பாவு நீட்டுவது தப்பா? இருக்கலாம். அதை நீ வந்து சொல்லலாம், அது உன் வேலை. காலையில் நடந்து வந்து, "வண்டி போகிற வழி, வேறு இடம் பாருங்கள்" என்று சொல்லியிருந்தால் உன்னோடு வாதாடியிருப்பார்கள், மனு எழுதியிருப்பார்கள், நானே அவர்களுக்கு அதை எழுதிக் கொடுத்திருப்பேன். சண்டை நேராக இருந்திருக்கும். ஆனால் நீ அதைச் சொல்ல வரவில்லை. நுழையக் கூடாத வழியில் நுழைந்து, இல்லாத ஆபத்துக்கு சைரன் போட்டுக்கொண்டு வந்தவன், அடுத்தவர் தப்பை எடுத்துக்காட்ட எங்கே நின்று பேசுவான்? ஒருவர் உயிருக்குப் போராடும்போது, ஒரு வீட்டில் திருடன் புகுந்திருக்கும்போது, நீ எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் வா. சிவப்பு விளக்கை மதிக்காமல் போ. அதற்குத்தான் ஊர் உனக்கு அந்தச் சைரனைக் கொடுத்திருக்கிறது. விடைத்தாள் திருத்தச் சொல்லி அரசாங்கம் என் கையில் சிவப்பு மையைக் கொடுத்தது. அது என்னிடம் இருக்கிறது என்பதற்காக வீட்டுக்கு வந்து உன் தாளில் மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டேனா? அவசர வேலை இல்லாத நேரத்தில் நீயும் மற்ற எல்லோரையும் போல ஒரு வண்டிக்காரன். காக்கிச் சட்டை போட்ட வண்டிக்காரன், அதனால் இன்னும் கொஞ்சம் ஒழுங்காகப் போக வேண்டியவன்.

சைரனை இப்படி வீணாக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே செய்திருக்கிறேன். நான் பொறுப்புத் தலைமையாசிரியையாக இருந்த வருடம் அது. எங்கள் பள்ளியில் மூன்று நீள மணி என்றால் ஆபத்து என்று பொருள். புத்தகம், பை எல்லாவற்றையும் போட்டுவிட்டு எல்லோரும் மைதானத்துக்கு ஓட வேண்டும். ஒரு நாள் குரூப் போட்டோ எடுக்க ஆள் வந்து காத்திருந்தார். வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்ல எனக்குச் சோம்பல். மூன்று நீள மணி அடிக்கச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் மொத்தப் பள்ளியும் மூச்சு வாங்க மைதானத்தில் நின்றது. "என்னா டிசிப்ளின் மேடம்!" என்றார் போட்டோக்காரர். நானும் சிரித்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருந்த மரத்தில் குளவிக் கூடு கலைந்தது. மூன்று நீள மணி அடித்தேன். யாரும் ஓடி வரவில்லை. மாடிப்படியில் பெண் பிள்ளைகள் பின்னலைச் சரிசெய்துகொண்டு மெல்ல இறங்கினார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "டீச்சர், இன்னிக்கி கலர் டிரஸ் போட்டுக்கினு வரலியே, போட்டோ எப்பிடி எடுப்பீங்க?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அவள் கன்னத்தில் குளவி கொட்டியது. அன்று பதினோரு பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அவர்கள் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, குளவியைத்தான் திட்டினார்கள். அந்த மணியைக் கெடுத்தவள் நான் என்று எனக்கு மட்டும் தெரியும். இப்போது உனக்கும் தெரியும்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். உன்னைத் திட்டிக்கொண்டே வந்தபோது எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நம் பள்ளியில் ஒன்பதேகால் மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். தாமதமாக வருகிறவர்கள் இறைவணக்கம் முடியும்வரை வெளியே வெயிலில் நிற்க வேண்டும். நீ என்றைக்குத்தான் நேரத்துக்கு எழுந்தாய்? வாரத்தில் இரண்டு நாள் நாம் தாமதம். ஆனால் உன் கையைப் பிடித்து, ஆசிரியர்கள் போகிற சின்னக் கேட் வழியாக உள்ளே அழைத்துப் போய்விடுவேன். வாட்ச்மேன், "டீச்சர் புள்ள, போவட்டும்" என்பார். விதி போட்டவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றவர்களில் சண்முகமும் உண்டு. காலையில் வீட்டில் பாவுக்கு ஒரு கை பிடித்துவிட்டு வருவதால் அவனுக்கு அடிக்கடி தாமதமாகும். அவன் கம்பி வழியாக உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ அவனுக்கு நாக்கைத் துருத்திக் காட்டுவாய். நான் அதையும் பார்த்தேன், கண்டிக்கவில்லை. எதிர்த்திசையில் போவதற்கு உனக்கு முதலில் வழி காட்டியவள் நான்தான். அதனால் உன்னைத் திட்டும் உரிமை எனக்கு இல்லை என்று நினைத்துவிடாதே. எல்லோரையும்விட எனக்குத்தான் அதிகம்.

நேற்றுக் காலை நான் நடந்தே சண்முகம் வீட்டுக்குப் போனேன். தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தான். செல்வி டம்ளரில் காபி கொண்டுவந்தாள். உண்மையைச் சொல்லாமல் குடிக்க மனம் வராததால் வாங்கிக் கீழே வைத்துவிட்டேன். "செல்வி, அன்னிக்கி ஜீப்புல யாரும் சாகக் கெடக்கல. நான்தான் இருந்தேன். கண் டாக்டர்கிட்ட போனேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "அப்போ அந்தக் கை?"

"என் கைதாம்மா. நீ எனக்கு வணக்கம் வெக்கிறன்னு நெனச்சி ஆட்டினேன்."

என் கையைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். "ஐயோ டீச்சர்! நான் வௌக்கெல்லாம் ஏத்தினேனே! அப்போ யாருக்கும் ஒண்ணும் ஆவல இல்ல? அதுவரைக்கும் நல்லதுதான்." சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு உள்ளே போனாள். மூலையில் ஒரு மூங்கில் தட்டில் அறுந்த இழைகளைச் சுருட்டி வைத்திருந்தார்கள், அரக்குச் சிவப்பில். போகும்போது அந்தத் தட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். நான் பார்க்கக் கூடாது என்று எடுத்தாளா, அவளுக்கே பார்க்கப் பிடிக்கவில்லையா, தெரியவில்லை. பக்கத்துத் தறியில் இருந்த பெரியவர் தலையைத் திருப்பாமலே, "இப்போ கண்ணு நல்லா தெரியுதா டீச்சர்?" என்றார். "தெரியுதுங்க" என்றேன்.

சண்முகம் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. வாசல் வரை என்னோடு வந்தான். அங்கே நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "டீச்சர், இனிமே சைரன் கேட்டா நாங்க இன்னா பண்றது? நீங்களே சொல்லுங்க. தெருவுல எல்லாம் கேக்கறாங்க. அறுக்கறதா, வேணாமா?"

அறுக்காதே என்று சொன்னால், நாளைக்கு உள்ளே ஒரு பிரசவக்காரி இருப்பாள், இன்னொரு வீட்டு ஐயா இருப்பார். அறுத்துவிடு என்று சொன்னால், நாளைக்கு உள்ளே இன்னொரு டோக்கன் இருக்கும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நானில்லை. சைரன் உன் கையில் இருக்கிறது. அதற்கு இன்னும் பொருள் இருக்கிறதா இல்லையா என்று நீதான் சொல்ல வேண்டும், அவன் முகத்தைப் பார்த்து, அந்தத் தெருவில் நின்று.

ப்ரமோஷன் என்றாய். நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதி, சாட்சி என்று என் கையெழுத்தைப் போட்டு என் பையில் வைத்திருக்கிறேன். யாருக்கு அனுப்ப வேண்டுமோ அந்த அதிகாரியின் முகவரியும் எழுதியாகிவிட்டது. நான் மிரட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். மூன்று நட்சத்திரத்தோடு நீ என் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று உன் அப்பா ஆசைப்பட்டார், எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் சண்முகத்தின் கேள்விக்குப் பதில் சொல்லாத தோளில் அந்த நட்சத்திரத்தை நான் பார்க்க மாட்டேன். அதுவரை உன் வீட்டுக்கு வரமாட்டேன். உன் ஜீப்பில் ஏறுவது பற்றிப் பேச்சே இல்லை, அடுத்த முறை டாக்டரிடம் ஷேர் ஆட்டோவில் போய், பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்து பார்த்துவிட்டு வருவேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் புதுப் பாவு நீட்டுகிறார்கள். அதற்கு ஒரு ஆள் குறைகிறது என்று செல்வி உள்ளிருந்தே சத்தமாகச் சொன்னாள், யாரிடம் என்று இல்லாமல். "என் புள்ள வருவான்" என்று சொல்லிவிட்டேன். சண்முகம் நிமிர்ந்து பார்த்தான். "ஜீப்லயா டீச்சர்?" என்றான்.

"இல்லப்பா. நடந்து வருவான். நேர் வழியா வருவான்."

உனக்காக அவனிடம் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். இது இரண்டாவதாக ஆகாமல் பார்த்துக்கொள்.

அம்மா